மருதாணிக் கையோடு கீமோவுக்கு

என் மனைவிக்கு ஏற்றிய கீமோ மருந்து பார்க்க ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். மருந்தைக் கண்ணுக்கே தெரியாத கொழுப்புக் குமிழிகளில் அடைத்து அனுப்புகிறார்கள், நானோ வகை என்று டாக்டரம்மா விளக்கினார். குமிழிக்குள் இருப்பதால் இதயத்தை அதிகம் படுத்தாமல் கட்டி இருக்கும் இடத்துக்குப் போகுமாம். ஆனால் மின்சார ரயிலில் தாம்பரம் போக வேண்டிய சிலர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே சானடோரியத்தில் இறங்கிவிடுவது போல, கொஞ்சம் மருந்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கசிந்துவிடும். அங்கே சிவந்து எரியும். சூடு ஆகாது, தேய்ப்பு ஆகாது. தோல் ரொம்பப் புண்ணானால் அடுத்த டோஸ் தள்ளிப்போகும். மொத்தம் ஆறு டோஸ். மகளின் பிரசவத்துக்குள் ஆறையும் முடித்துவிட வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

பாத்திரம் தேய்ப்பது என் தலையில் விழுந்தது. காபியை ஆற வைத்துத்தான் கொடுப்பேன். அதைக் காபி என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாவது டோஸுக்குப் பிறகு கை எரிகிறது என்றாள். உடனே எனக்குள் இருந்த வைத்தியர் விழித்துக்கொண்டார். குளிர்ச்சிக்கு மருதாணியை விட்டால் வேறென்ன? எங்கள் இரும்புலியூர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் இருந்த செடியை மொட்டையடித்து, மிக்ஸியில் அரைத்து, கை கால் முழுக்க நானே அப்பினேன். நிறம் பிரமாதமாகப் பிடித்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சிவக்கவில்லை என்று பீற்றிக்கொண்டேன்.

ஆறாவது டோஸுக்குப் போன அன்று டாக்டர் அவள் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், எவ்வளவு சிவந்திருக்குன்னு பார்த்துத்தான் நான் டோஸ் முடிவு பண்ணணும். இதுல நான் என்னத்தப் பார்க்கறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவர் அவளிடமே வலி இருக்கிறதா என்று கேட்டார். துளிகூட இல்லை என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவளும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடமாக அந்தப் பார்வைக்குக் கட்டுப்பட்டவன் நான். ஆனால் அன்று அதைவிட எனக்கு அவளைப் பற்றித்தான் பயமாக இருந்தது.

"நாலு நாளா இவ ஜாக்கெட் கொக்கிய நான்தான் மாட்டி விடறேன், டாக்டர். விரலை மடக்க முடியல இவளுக்கு."

டோஸை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்றும் சொன்னார். ஆட்டோவில் வீடு வரும்வரை இவள் முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டோஸ் போட்டார்கள். பேத்தியும் அதற்குப் பிறகுதான் பிறந்தாள். ஆனால் டோஸ் தள்ளிப்போன மறுநாள் காலை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. குளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கொக்கியோடு நான் போராடினேன்.

"போயும் போயும் கொக்கி விஷயத்தையா சொல்வீங்க? உங்கள நான் மன்னிக்கவே மாட்டேன்," என்றாள்.

சொல்லிவிட்டு, அடுத்த கொக்கிக்காக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.