அப்பா எந்த ரயோன்காரர்?

நனைந்த கம்பளிக் கோட்டுகள் ரேடியேட்டர் சூட்டில் காயும்போது எழுகிற நாய்வாடைதான் எனக்கு அந்த நகரம். லண்டனுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்ட் எங்களை நடுவழியில் ஒரு ரஷ்ய நகரத்தில் விட்டுவிட்டு மறைந்துபோக, அப்பாவும் அம்மாவும் ஒன்பது வயது நானும் தொழிற்சாலை விடுதியொன்றின் நான்காம் மாடியில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தோம். நகரம் பல 'ரயோன்'களாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு பதிவேடு, ஒரு முத்திரை. "இந்தச் சீல் இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் ஆக்கள்" என்று அப்பா தன் பதிவுத் தாளை மடித்து வைப்பார்.

இரண்டாவது குளிர்காலத் தொடக்கத்தில் எங்கள் ரயோனை டிராம் தண்டவாளத்தின் வழியே இரண்டாக வெட்டினார்கள். விடுதி புதிய ரயோனுக்குப் போனது. ஆஸ்பத்திரியும் பழைய அலுவலகமும் பதிவேடுகளும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை நான்தான் வாசித்துச் சொன்னேன். பள்ளிக்கூடம் போனதால் மூவரில் ரஷ்ய மொழி தெரிந்தது எனக்கு மட்டும். அப்பா சிரித்தார். "எல்லைக் கோட்டை எங்க கீறினாலும் எங்களுக்கென்ன பிள்ளை."

அந்த மாதமே சளி முற்றி நிமோனியாவாகி, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்பா இறந்துபோனார். உடலைத் தருவதென்றால், அவர் வசித்த ரயோன் எழுதித் தரும் தாள் வேண்டும் என்றார்கள்.

அம்மா என்னைப் புதிய அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் "பாப்பா உமெர்லா" என்றேன். 'பாப்பா' என்றால் அங்கே அப்பா. பெண்பாற் சொல்போல முடிகிற அதன் ஓசையில் ஏமாந்து, இறந்தார் என்பதற்குப் பதிலாக இறந்தாள் என்று சொல்லிவிட்டேன். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "உமெர்" என்று திருத்தி, பிழையில்லாமல் வரும்வரை மூன்று தரம் சொல்லவைத்தாள். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு அப்பாவின் பதிவுத் தாளைத் திருப்பித் தள்ளினாள். முத்திரை பழைய ரயோனுடையது, தங்கள் பதிவேட்டில் இப்படி ஒருவர் வந்ததே இல்லை, வராத ஆள் எப்படிச் சாக முடியும் என்று கேட்டாள். தண்டவாளத்தைத் தாண்டிப் பழைய அலுவலகத்துக்குப் போனால், அந்த விடுதி இப்போது தங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டு இடத்திலும் கடைசியாகச் சொன்னது ஒரே சொல்: 'ஸாவ்த்ரா', நாளைக்கு.

பதினொரு நாள் அப்படி நடந்தோம். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக் காவலாளி சொன்னதை, வாசலில் நின்றபடியே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: யாரும் கேட்டு வராத உடல்களோடு சேர்த்து முந்தின நாளே புதைத்துவிட்டார்கள்.

அம்மா அழவில்லை. டிராம் நிறுத்தத்தில் என் முகத்தைப் பாராமல் பேசினார்.

"நீ வடிவாச் சொல்லேல்லை."

"எல்லா இடத்திலயும் சொன்னனான் அம்மா."

"பிழையாத்தான் சொல்லியிருப்பாய். கதைக்கத் தெரிஞ்ச பிள்ளையொண்டு எனக்கு இருந்திருந்தா, அவரை எரிக்கவாவது தந்திருப்பாங்கள்."

அடுத்த ஆண்டு லண்டன் வந்து சேர்ந்தோம். அங்கே செவன் கிங்ஸ் பகுதியில் ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், அந்தப் பேச்சை அவர் திருப்பி எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம், அப்பாவைப் புதைத்த இடத்தைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு அந்த நகரத்திலிருந்து பதில் வந்தது. வெட்டிய இரண்டு ரயோன்களையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள், புதிய ரயோனின் பெயரே இப்போது இல்லை, அதன் பதிவேடுகளும் இல்லை. மயானத்தில் யாரும் கேட்டு வராதவர்களைப் புதைத்த பகுதியைச் சமப்படுத்தி பஸ் நிறுத்தும் வளாகம் கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. இதில் பாதியை மறைத்திருக்கலாம். சமையலறை மேசையில் வைத்து, வரிவரியாக, ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"அப்ப அவர் எங்க பிள்ளை?" என்றார் அம்மா.

"பஸ்ஸுகளுக்குக் கீழ" என்றேன்.

அம்மாவுக்கு அன்று கதிரையை விட்டு எழும்ப வெகுநேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகவில்லை.