திருநீற்றுப் புதனன்று வந்த வாய்மொழித் தேர்வு

சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போன முதல் பெண் நான். அம்மா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இதை யாரிடம் சொல்லும்போதும் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில், டாக்டர் பட்டத்துக்கான என் வாய்மொழித் தேர்வு, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று வந்து விழுந்தது. காலைப் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார். வெளியே வந்ததும் அம்மா முந்தானையை நீட்டினாள்.

"தொட்சிக்கோ கண்ணு. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கோ. எதுக்கு வம்பு?"

"இருக்கட்டும்மா."

மேலே படித்தால் நான் கோயிலை விட்டுவிடுவேன் என்று ஒரு காலத்தில் பயந்தவள் அவள்தான்.

இருவரும் பஸ் பிடித்துக் கிண்டியிலிருந்த பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். என் ஆராய்ச்சி படிகங்களைப் பற்றியது. படிகத்தின் வழியாக எக்ஸ்ரேயைச் செலுத்தினால் பிலிமில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கிட வேண்டும். வடக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர் குடைந்து குடைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவர் பார்வை என் நெற்றிக்கு வந்தது.

"இவ்வளவு இயற்பியல் தெரிந்த நீங்கள், செத்தவர் உயிர்த்தெழுந்தார் என்று எப்படி நம்புகிறீர்கள்?"

கேட்க வந்து உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். என் பேராசிரியர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், அவர் சிரிக்கவில்லை. "இது ஆய்வேட்டில் இல்லாத கேள்வி. நீ பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

"சொல்கிறேன் சார்" என்று எழுந்து நின்றேன்.

"அதை என்னால் பிலிமில் காட்ட முடியாது. காட்ட முடியும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் படிகத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நம்பித்தான் தினமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். படைத்தவர் ஏனோதானோவென்று படைக்கவில்லை என்ற அந்த நம்பிக்கை எனக்குக் கோயிலில் கிடைத்தது. என் கணக்கில் பிழை இருந்தால் திருத்திக்கொள்வேன். பிழையை மறைக்கக் கடவுளைக் கூப்பிட மாட்டேன்."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். பிறகு, "உங்கள் நம்பிக்கை எனக்கு இல்லை. உங்கள் கணக்கில் எனக்கு முழு நம்பிக்கை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கேட்டாரு அந்தாளு? சிரிச்சாங்களே?"

"ஏசு உயிர்த்ததை நம்புறியான்னு கேட்டாரும்மா."

"நீ இன்னா சொன்ன?"

"நம்புறேன்னு சொன்னேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் கண்டக்டரிடம், "எம் பொண்ணு டாக்டராயிட்சி" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார் அவர். "ஊசி போடுற டாக்டரு இல்ல நைனா, அதுக்கும் மேல!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பிறகு பல வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். தெரியாத கேள்வி வந்தபோது இரண்டு இடத்திலும் தெரியாது என்றே சொன்னேன்.