ஏரி நிறைந்தபின் பார்த்த மனை

என் கணவர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். மணலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர். ஊர் திரும்பினால் வாசலில் தண்ணீர் தெரிகிற வீட்டில்தான் இருப்பேன் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மீன் குழம்பு வாசனைதான் உள்ளே வரும். அதனால் அவர் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அவர் அங்கே இருக்க, மனை தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். சரிபார்க்காமல் எதற்கும் டிக் போடமாட்டேன்.

வைகாசியில் ஒரு தரகர் குரும்பகரம் தாண்டி ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. நடுவில் அல்லி, ஓரத்தில் கொக்குகள். வியர்த்து வந்த உடம்புக்குக் காற்று சுகமாக இருந்தது.

“ஏரிக்கும் இந்த மனைக்கும் நடுவுல இன்னொரு வீடு வர முடியாது டீச்சர். காலத்துக்கும் இந்தக் காத்து ஒங்களுக்குத்தான்” என்றார் தரகர்.

வீடியோவில் இடத்தைப் பார்த்த கணவருக்குக் குரலே மாறிவிட்டது. “இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துடு. யோசிக்காதே.”

“மழையில ஒருதரம் பாக்காம குடுக்க மாட்டேங்க.”

“மழைக்கு அஞ்சு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் யாரு வச்சிக்கிட்டு இருப்பா?”

“தண்ணி கொறஞ்சப்ப எல்லா ஏரியும் நல்ல புள்ளதான். நெறஞ்சா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ல?”

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் அழைக்கவில்லை. அத்தனை வருடப் பிரிவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வலித்தது. ஆனாலும் நான் பணத்தை எடுக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. மூலப்பத்திரத்தின் நகலையும் சர்வே வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். பத்திரத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை. ஆனால் வரைபடத்தில் மனையின் தெற்கு எல்லையை ஒட்டி ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் புறப்பட்டது. நான் பார்த்த இடத்தில் வாய்க்காலே இல்லை. செம்மண் கொட்டிய பாதைதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகரிடம் சொல்லாமல் தனியாக ஸ்கூட்டரில் போனேன். மனைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று. அங்கே ஒரு பெண் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாய்க்கா இருந்துச்சுங்க. மனை போட்டவங்க தூத்துட்டாங்க. ஏரி ரொம்புனா மிச்சத் தண்ணி அதுலதான் போவும்.”

“இப்ப எங்க போவுது?”

அவர் என்னைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். ஜன்னலின் அடிக்கட்டை உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு சுற்றிலும் ஓடியது. “போன மழைக்கு இம்புட்டு” என்றார். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தாராம்.

ஐப்பசியில் கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அந்த மனையும் விற்காமல்தான் கிடந்தது. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், “வாங்க, இப்ப பாப்போம்” என்று அவரைக் கூட்டிப்போனேன்.

ஏரி எது, மனை எது என்று தெரியவில்லை. எல்லைக் கல்லின் தலை மட்டும் வெளியே இருந்தது. அதன்மேல் ஒரு தண்ணீர்ப் பாம்பு சுருண்டு கிடந்தது. கணவர் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். நான்காவது அடியில் தண்ணீர் தொடையைத் தொட்டது. அங்கிருந்தே என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லலன்னா இங்கதான் வீட்டக் கட்டியிருப்பேன்” என்றார். பிறகு, “கோவிச்சிக்கிட்டது என் தப்பு” என்றார்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் ஓட்டு வீட்டுப் பெண் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று சட்டியால் வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாங்காமல் தப்பித்துக்கொண்டோம். அவர் எங்கே போவார்? அன்று மாலையே வரைபட நகலை இணைத்து, வாய்க்காலைத் திரும்ப வெட்டித் தரக் கேட்டு மனு எழுதினேன். கரையில் இருந்த ஒன்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை பள்ளி விட்டதும் போவேன். கணவர் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பார். “இவங்க விடமாட்டாங்கப்பா” என்று அங்கே ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன், மறுவாரமும் போனேன். மாசியில் வந்து அளந்தார்கள். சித்திரையில் பொக்லைன் இறங்கியது.

அதற்கிடையில் மேலக்கரையில் வேறொரு மனை கண்ணில் பட்டது. சிறியது. ஏரியிலிருந்து ஒரு வயல் தள்ளி, மேடான இடம். அங்கே நின்றாலும் தண்ணீர் தெரிந்தது. கரையோரப் புறம்போக்கு அதில் ஒரு அடிகூட இல்லை என்று அளந்து பார்த்தோம். அக்கம்பக்கத்துக் கைப்பம்புகளில் தண்ணீர் குடித்துப் பார்த்தோம், உப்பில்லை. இரண்டு மழை நாளில் பாதையில் நடந்தும் பார்த்தோம். காற்று முன்னதில் பாதிதான். கொசு மட்டும் சமமாக இருந்தது. பிஸ்மி சொல்லிக் கணவர் கையெழுத்துப் போட்டார்.

தரை மட்டத்தை ரோட்டைவிட நன்றாக உயர்த்திக் கட்டினோம். குடிவந்த முதல் மழையில் ஏரி நிரம்பியது. மிச்சத் தண்ணீர் வாய்க்காலில் இரைந்துகொண்டு ஓடியது. எதிர்க்கரைக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டு வீட்டுத் தரை காய்ந்தே இருந்தது.

இந்த வருடம் வாய்க்காலில் வெங்காயத்தாமரை மண்டிவிட்டது. அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்குள் ஆள் வராவிட்டால் நாமே இறங்கிவிடுவது என்று ஒன்பது வீட்டிலும் பேசி முடித்தாகிவிட்டது. கணவர் நேற்று அரிவாள் நான்கு வாங்கி வந்திருக்கிறார்.