தும்மலோடு வந்த இடியாப்பம்

என் குரல் முகப்பேர்த் தெருக்களில் ஊர்வலம் போன காலத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். என் குரல் இரண்டு தெரு தள்ளி இடியாப்பம் விற்றுக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமாவின் கூச்சம்.

மாமா என் அம்மாவின் தம்பி. பக்கத்து ஊரான பாடியில் அவர் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியதும், அத்தையைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்துசேர்ந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுவதாக அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தைக்கு ஓசூர் போக இஷ்டமில்லை. எனக்கு அதைவிட இஷ்டமில்லை. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால், அத்தையின் மடி முழுக்க எனக்கே என்ற ஏற்பாட்டில் நான் மிக வசதியாக இருந்தேன். பொங்கலுக்குள் இடியாப்ப வியாபாரம் காலூன்றாவிட்டால் ஓசூர்தான் என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அத்தையின் இடியாப்பம் பூப்போல இருக்கும். விற்பதற்கு மாமாவிடம் பழைய மொபெட் ஒன்று இருந்தது. குரல்தான் இல்லை. முதல் நாள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல "இடியாப்பம்" என்றாராம். பக்கத்தில் படுத்திருந்த நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்ததாம். கொண்டுபோனதில் பெரும்பாதி வீட்டுக்கே திரும்பி வந்தது. அடுத்த நாள், பேசியதைப் பதிவு செய்து திரும்பத் திரும்பச் சொல்லும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிவந்தார்.

"பாப்பா, ஒரு தபா சொல்லு. கணீர்னு இருக்கணும், இன்னா?"

சூடான இடியாப்பம், தேங்காய்ப்பால், சர்க்கரை என்று பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதுபோலப் பேசினேன். பக்கத்தில் அத்தை அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொல்லை முடிக்கும்போது மாவு மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டேன். அதுவும் பதிவாகிவிட்டது. இன்னொரு முறை பேசுகிறேன் என்றதற்கு, இடியாப்பம் ஆறுகிறது என்று மாமா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை தும்மினால் நம் ஊரில் யாராலும் சும்மா இருக்க முடியாது. "நூறு" என்று ஆயுசு சொல்லியாக வேண்டும். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் நூறு சொன்னார்கள். சொன்ன கையோடு, எந்தக் குழந்தை என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் இடியாப்பம். மாடிகளிலிருந்து கயிற்றில் கட்டிய கூடைகள் இறங்கின. ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் சிலர் தும்மலைச் சகுனத் தடையாக எடுத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். அதற்குள் வீட்டுக்காரம்மா நாலு இடியாப்பம் வாங்கி அவர்கள் கையில் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மாதத்தில் மாமாவின் நடையே மாறிவிட்டது. அம்மாவும் அத்தையும் விடியுமுன் எழுந்து பிழிந்தும் போதவில்லை. பள்ளியில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசைப் பையன்கள் ஒன்றாகத் தும்மினார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

வியாபாரம் வளர்ந்தால் யோசனை சொல்ல ஆள் வராமல் இருக்குமா? ஓசூர்க் கூட்டாளி வந்தார். எங்கள் வீட்டு இடியாப்பத்தை ஒரு கட்டுக் கட்டிவிட்டு, "தொழிலு பெருசாவும்போது தும்மிகினே இருந்தா எப்டி மச்சான்? ஒரு இது வேணாமா?" என்றார். அந்த 'இது' அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் கிடைத்தது. புதிதாக வாங்கிய இன்னொரு ஒலிபெருக்கியில் வீணை இசையோடு ஒரு பெண்மணி, ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல இடியாப்பத்தை அறிவித்தார். அதே வேகத்தில் மாமா பாடிப் பக்கம் புதுத் தெருக்களையும் சேர்த்துக்கொண்டார். அங்கே முதலில் போய்விட்டு முகப்பேர் வரும்போது எங்கள் தெருக்காரர்கள் தோசை சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள்.

பாத்திரம் கனமாகவே திரும்பி வர ஆரம்பித்தது. இடியாப்ப உப்புமா, எலுமிச்சை இடியாப்பம், முட்டை போட்ட இடியாப்பம் என்று மூன்று வேளையும் அதையே தின்றோம். அப்பா அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துபோவார். ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது, பரண்மேல் இருந்த மாமாவின் பெரிய பை கீழே இறங்கித் தூசி தட்டப்பட்டிருந்தது.  அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் அவள் பின்னாலேயே திரிந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை அத்தை ஒரு கூடையில் இடியாப்பத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பழைய தெருக்களுக்கு நடந்தே போனாள். முதல் கதவைத் திறந்த பெண், தும்மல் வண்டி இடியாப்பம் என்று அத்தை சொன்னதும் கேட்டது விலையை அல்ல.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையாங்க? குரலே காணோமே. இப்ப வேற குரல் கேக்குது, யாரோ வேற ஆள்னு நாங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல. இவதான் உங்க பொண்ணா?"

"ஆமா. நல்லா கீறா" என்றாள் அத்தை.

அடுத்த வீட்டிலும் இதே விசாரிப்புதான். ஒரு பெரியவர், தும்மல் கேட்டால்தான் தன் வீட்டில் பேரன் எழுந்திருப்பான் என்றும், இப்போது தினமும் பள்ளி வேனை விட்டுவிடுகிறான் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். இவதான் உங்க பொண்ணா என்று எல்லோருமே கேட்டார்கள். எல்லோருக்கும் அத்தை ஆமா என்றே சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் உறவுமுறையை விளக்கிக்கொண்டிருந்தால் இடியாப்பம் ஆறிவிடும், அதனால்தான் என்று நானாகவே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அன்று மதியம் அத்தை மாமாவிடம் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பழைய குரலையே போடு. மொதல்ல நம்ம தெரு, அதே நேரத்துக்கு. அவங்க நமக்காகக் காத்துகினு கீறாங்க. பாடி எங்கியும் ஓடிடாது, அப்பால போய்க்கலாம்."

தும்மல் இல்லாமல் புதிதாக ஒன்று பதிந்துகொள்ளலாமா என்று மாமா கேட்டார். "அதுல கை வெக்காத" என்றாள் அத்தை, சுருக்கென்று. மாமா பழைய ஒலிபெருக்கியைத் துடைத்துச் சார்ஜில் போட்டார்.

உடனே ஒன்றும் நிமிர்ந்துவிடவில்லை. கூடைகள் ஒவ்வொன்றாகத்தான் திரும்ப இறங்கின. பழைய தெருக்கள் கெட்டியான பிறகு, பாடிக்கென்று தனி வண்டியோடு தனி ஆள் வந்தார். பொங்கல் வந்தது, போனது. பை மறுபடி பரணுக்கு ஏறியது. குடும்பத்தைக் காப்பாற்றியது என் மூக்குதான் என்று நான் திடமாக நம்பி, அதற்குக் கூலியாக ஒரு சைக்கிள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று அம்பத்தூர் வரை மாமாவுக்கும் அத்தைக்கும் வண்டிகள் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, சில காலைகளில் பத்து வயது நான் தும்மிக்கொண்டே என்னைக் கடந்து போகிறேன். அப்போதெல்லாம் அந்த நாட்களின் அடுக்களைதான் ஞாபகம் வருகிறது. இடியாப்பம் வெந்து ஆவி அடங்கியதும், வண்டியில் ஏற்றுமுன் அத்தை தனியாக நின்று ஒலிபெருக்கியை ஒருமுறை மெதுவாகப் போடுவாள். இடியாப்பம், தேங்காய்ப்பால், சர்க்கரை, தும்மல். "நூறு" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நிறுத்துவாள். வீணைக்காரப் பெண்மணியின் குரல் ஓடிய நாட்களில் மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. கூடத்தில் போர்வைக்குள் அரைத் தூக்கத்தில் கிடந்த நான், அத்தை சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.