கொழும்புக்கு ஓட்டுப் போடப் பெருங்குடிக்குப் போனேன்

கோணல்மாணலான கையெழுத்துக்கு முதலில் மன்னியுங்கள். அறுபத்தெட்டு வயதில், போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். 'ற' போட இன்னும் மூச்சு வாங்குகிறது. நோட்டில் எழுதுவதை என் மகள் படமெடுத்து இங்கே போடுகிறாள்.

மயிலாப்பூரில் இருநூறு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். பில் மகள் பொறுப்பு, கம்பி என் பொறுப்பு. முன்பெல்லாம் எதிர்வீட்டுக்காரர் வேறு கம்பெனி என்றால், அவருக்கு அனுப்பும் படம்கூடச் சிங்கப்பூர் சுற்றி வரும். இப்போது பெருங்குடியில் ஒரு கட்டடத்தில் எல்லோருடைய கம்பிகளும் சந்தித்து, அங்கேயே கைமாறிவிடுகிறது. அதன் பெயர் எக்ஸ்சேஞ்ச். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்துவது; பெரிய கம்பெனியோ சின்ன கம்பெனியோ, ஆளுக்கு ஓர் ஓட்டு. அதே கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியும் எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறது. பணம் கட்டினால் இணைப்பு, ஓட்டு கிடையாது. ஆறு நாடுகளில் கிளை.

நாங்களும் கொழும்பில் கிளை திறப்பதா என்று போன சனிக்கிழமை ஓட்டெடுப்பு. அங்கே பார்த்து வைத்த இடம் அன்று மாலை வரைதான் எங்களுக்கு. பதினொன்றரைக்குள் இருபது பேர் சேராவிட்டால் கூட்டமே செல்லாது. 'சரி' என்று போடத்தான் கிளம்பினேன்.

10:10-க்குத் திருமயிலையில் ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். 'பெருங்குடி' என்ற பலகையை நானே படித்து, பெருமையாக இறங்கினேன். யாரையும் கேட்காமல் இருபத்தைந்து நிமிடம் நடந்த பிறகு ஓர் ஆட்டோக்காரரிடம் முகவரியைக் காட்டினேன்.

"இன்னா பெர்சு, ஸ்டேஷன் பேரு பெருங்குடின்னா ஆபீசு இங்கியேவா கீது? அது ஓ.எம்.ஆர். ரோட்ல கீது. குந்து!"

நூற்று இருபது ரூபாய். நீங்கள் திருவான்மியூரில் இறங்கி ஓ.எம்.ஆர். பஸ் பிடியுங்கள்.

11:26-க்கு உள்ளே நுழைந்தேன். பத்தொன்பது பேர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானத் தாளைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். நான் மூன்றாவது வரியில் இருந்தேன்.

"இன்னா நைனா, பரீட்சைக்கா படிச்சிகினு கீற?" என்றார் மேற்கு மாம்பலம் செல்வம். அவரும் என்னைப் போல் கம்பிக்காரர்.

ஒன்பதாவது வரிக்கு வந்ததும் சத்தமாகவே படித்தேன்: "கொழும்பில் இணைபவர்களுக்கு வாக்குரிமை இல்லை."

செல்வம் தன் தாளைத் திருப்பினார். "அப்போ அவங்கோ நமக்கு கஸ்டமரா மேடம்?"

"முதல் மூணு வருஷத்துக்கு மட்டும்தான். முடிவெல்லாம் சீக்கிரம் எடுக்கணுமே" என்றார் அடையாறிலிருந்து வந்திருந்த எங்கள் எக்ஸ்சேஞ்ச் தலைவி.

"அப்போ மேல்மாடிக்காரனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

ஒரு மணி நேரம் சண்டை. இடம் போய்விடும் என்று தலைவி மன்றாடினார், அதுவும் நியாயம்தான். கடைசியில் நான் 'வேண்டாம்' என்று போட்டேன். பதின்மூன்றுக்கு ஏழு. தீர்மானம் தோற்றது.

மாலையில் அந்த இடத்தை மேல் மாடிக்காரர்களே எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அவர்கள் இருபதாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்தது சரிதானா என்று இரண்டு நாள் நிம்மதியில்லை.

நேற்று தலைவி போன் செய்தார். கொழும்பிலுள்ள சின்ன கம்பெனிக்காரர்கள், ஓட்டு உண்டென்றால் தாங்களே வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்களாம்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் எக்ஸ்சேஞ்ச் இருந்தால் முன்பே அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். அடையாள அட்டை அவசியம். இயந்திர அறை குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பப்போகும் புதிய தீர்மானத் தாளை என்னைப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பக்கம். என் வேகத்துக்கு ஒரு வாரம் ஆகும். அடுத்த வாரம் கடைசி வரியை முடித்த கையோடு, அதில் என்ன இருந்தது என்று எழுதுகிறேன்.