மடி நிறையாத இருபத்திரண்டு பக்கங்கள்

காமிக்ஸ் வரைகிறேன் என்று சொன்னால், "புள்ளைங்களுக்கா?" என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி. பெரியவர்களுக்கு என்றால் முகம் ஒரு மாதிரி போகும். அதனால் நான் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. பெரம்பலூரில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. மிச்ச நேரத்தில் நானே கதை எழுதி, நானே வரைந்து, நானே அச்சுக்குக் கொடுப்பது இந்தத் தொடர். ஒரு பாகத்துக்கு ஒரு பெண், அவளுடைய ஒரே ஒரு வேலைநாள். முதல் பாகம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் பெண்ணைப் பற்றியது. படித்த நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த நாலு பேரை வைத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஆடினேன்.

இரண்டாவது பாகம் பருத்தி எடுக்கும் பெண். அதற்கு என் கணவரின் அக்காவைத்தான் மனதில் வைத்திருந்தேன்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். காய் வெடித்துப் பஞ்சு தெரியும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுக்கே போய், அவர் பருத்தி எடுப்பதை போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். எதற்கு என்று கேட்டார். ஞாபகத்துக்கு என்று மழுப்பினேன். வெயில் ஏறியதும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பிறகு நான்கு மாதம் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். அண்ணியின் கூர்மூக்கு, தலையில் கட்டிய துண்டு, சேலைக்கு மேல் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை, எடுத்த பருத்தியைப் போட இடுப்பில் பழஞ்சேலையை மடக்கிக் கட்டிய மடி, எல்லாம் அச்சு அசலாக வந்தன. எனக்கே என் கைமேல் கர்வம். காலை, உச்சி, சாயங்காலம் என்று பொழுது மாறுவதைக் கட்டங்களின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன்.

அச்சகத்துக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது என் கணவர் பக்கங்களைப் புரட்டினார். "இது எங்க அக்காதான. அதுகிட்ட கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அண்ணி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருபத்திரண்டு பக்கமும் குப்பைக்குத்தான். அதைவிட, கேட்காமல் ஒருத்தர் முகத்தை எடுத்துக்கொண்டோமே என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே பக்கங்களை ஃபைலில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தேன். அங்கே போனதும் "உங்களத்தான் வரைஞ்சிருக்கேன் அண்ணி, மொதல்லயே கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லி ஃபைலை நீட்டினேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பத்தாவது வரை படித்தவர், ஆனால் நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய வசனங்கள் பக்கம் அவர் கண் போகவே இல்லை. படம் படமாக விரலை வைத்து நகர்ந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். முகம் சுருங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

"மூஞ்சியெல்லாம் சரியாத்தான் இருக்கு, போட்டுக்க" என்றார். பிறகு மடியின்மேல் விரலை வைத்தார். "காலையில கட்டுன மடி, சாயங்காலமும் அப்புடியேல்ல ஒட்டிக் கெடக்கு. நாளு பூரா எடுத்தும் ஒரு சொளைப் பருத்தி கூட மடியில ஏறலையா? நான் என்ன, வேடிக்கை பாக்கவா காட்டுக்குப் போனேன்?"

நான் அங்கே இருந்தது காலையில் ஒரு அரை மணி நேரம். வரைந்தது ஒரு முழு நாள். அவருடைய மூக்கைப் பார்த்த கண் அவருடைய உழைப்பைப் பார்க்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி அதைக் கவனிக்காத மாதிரி எழுந்து, பழஞ்சேலை ஒன்றை இடுப்பில் கட்டி, வீட்டிலிருந்த துணிமணியை அதில் திணித்துத் திணித்து நடந்து காட்டினார். கால் மடி இருக்கும்போது ஒரு நடை, அரை மடிக்கு ஒரு நடை. நிறைந்துவிட்டால் கால் அகன்று, முதுகு பின்னால் சாய்ந்து, கர்ப்பிணி போல ஒரு கை தானாக அடியில் போய்த் தாங்குகிறது. நான் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தேன்.

அச்சகத்துக்கு போன் செய்து அவகாசம் கேட்டேன். இருபத்திரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து வரைந்தேன். மடி கட்டத்துக்குக் கட்டம் பெருத்தது, பொழுதை எழுதிக் காட்டிய வரிகள் ஒவ்வொன்றாகத் தேவையில்லாமல் போயின. இன்றுவரை என் தொடரில் நேரத்தை எழுதுவதில்லை. எனக்கு இந்தத் தொழிலை யார் கற்றுக்கொடுத்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அந்தக் கொடுப்பினைக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே போல விரலை வைத்து நகர்ந்தார், இந்த முறை மெதுவாக. கடைசிக் கட்டத்தில் நிறைமடியோடு அவள் நிற்கிறாள். அண்ணியின் கை தன் இடுப்புக்குப் போனது.

"இப்பத்தான்ம்மா எனக்கு வலிக்குது" என்றார்.