மாத்திரைக்கு மசியாத சர்க்கரை

கொக்கோலா நகருக்கு வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ரத்தம் எடுத்தவர் இர்யா ஹௌதலா. அவர் குத்தினால் வலிக்காது என்பதற்காகவே பனியில் இருபது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

பேருந்து ஓட்டுநர் தாய்ஸ்தோ ரிந்தலாவும் அவரிடம்தான் வருவார். ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். ஒளித்துவைத்து இனிப்பு தின்கிறார் என்று மருத்துவர் முதல் மனைவி சாயிமி வரை முடிவு கட்டிவிட்டார்கள்.

"சாயிமி என் சட்டைப் பையெல்லாம் மோந்து பாக்கறா, இர்யா. இனிப்பு புல்லா ரொட்டியக் கண்ணால பாத்து நாலு மாசமாச்சு."

"பெல்ட்டுல புதுசா எத்தனை ஓட்டை போட்டே?"

"மூணு. இன்னும் போட்டா பெல்ட்டே மிஞ்சாது."

இர்யா சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வுக்காகப் பல வருடம் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து அனுப்பியவர் அவர். உடம்பின் காவல்படை வழிதவறி, இன்சுலின் சுரக்கும் செல்களையே அழிக்கத் தொடங்கினால், அதன் தடயமாக ரத்தத்தில் சில எதிர்ப்புரதங்கள் தென்படும். பெரியவர்களுக்கு அது நேராது என்று யார் சொன்னது?

நேரே மருத்துவர் பாலோசாரியின் அறைக்குப் போனார்.

"அது சின்னப் பசங்களுக்குப் பாக்கற சோதனை," என்றார் மருத்துவர், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அந்த ஆளு பொய் சொல்லல, டாக்டர். இன்னும் ஒரு குழாய் ரத்தம், உங்க கையெழுத்து. அது கிடைக்கற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. எதிர்ப்புரதம் ஏகமாக இருந்தது. மருத்துவரே அந்தத் தாளோடு இர்யாவைத் தேடி வந்தார்.

"நான் அந்த மனுஷனத் திட்டியிருக்கேன்."

"மன்னிப்புக் கேளுங்க. மனசுல வெச்சுக்கற ஆள் இல்ல."

அன்றே இன்சுலின் தொடங்கினார்கள். "தப்பு என் பேர்ல இல்லேன்னு சாயிமிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு," என்றார் தாய்ஸ்தோ. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. இன்சுலின் போடுபவர் என்பதால், மறுபடி பேருந்து ஓட்ட அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது.

இர்யா அதோடு விடவில்லை. மருத்துவரோடு உட்கார்ந்து, மாத்திரைக்குச் சர்க்கரை இறங்காமல் இளைத்துக்கொண்டிருந்த பதினான்கு பேரைக் கண்டெடுத்து, எல்லோரையும் வரவழைத்தார். மூன்று பேருக்கு அதே தடயம். அதில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி. நாக்கைக் கட்டு என்று ஆறு வருடமாக அவரைக் கண்டித்து வந்தது இர்யாதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய், ஊற்றிவைத்த காபியைத் தொடும் முன்பே அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.